இரங்கற் பாட்டு போதும். உரிமைப் பாட்டு வேண்டும்!

"வயிறு காய்கிறவனுக்குப் பாட்டு ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் உண்டு. கிளைக் கூட்டத்தில் பாட்டுக்கென்று கால் மணி நேரம் ஒதுக்குங்கள் என்று யாராவது எழுந்து சொன்னால், பின் வரிசையிலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. கேள்வி நியாயமானதே. பாட்டைக் கரைத்துக் குடித்து எந்தப் பிள்ளையும் பசியாறியதில்லை. நன்றாகப் பாடினார்கள் என்பதற்காக எந்த நிர்வாகமும் சம்பளத்தில் ஐந்து காசு கூட்டிக் கொடுத்ததில்லை. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் தோழர்களே, கேட்பவர்களை நாம் திருப்பி ஒன்று கேட்கிறோம். நம்முடைய வறுமை இன்னது, இவ்வளவு, இதனால் வந்தது என்று இந்த நாட்டுக்கு இதுவரை எடுத்துச் சொன்னவர் யார்? அதிகாரிகள் சொன்னார்கள், அறிஞர்கள் சொன்னார்கள், கடல் கடந்து வந்தவர்களும் சொன்னார்கள். பசித்தவன் மட்டும் தன் வாயால் சொல்லவில்லை. சொல்ல அவனுக்கு மேடை இல்லை, எழுதப் பத்திரிகை இல்லை, பேசப் பழக்கமில்லை. ஆனால் அவனுக்குப் பாடத் தெரியும். அந்த ஒன்றைத்தான் நாம் இத்தனை காலமும் வீணாக விட்டு வைத்திருக்கிறோம். ஆகவேதான் இதைப் பற்றி இன்று எழுதத் துணிந்தோம்.

முதலில் வறுமையின் கணக்கைப் பார்ப்போம்.

குளுவாங் மாவட்டத்தில், ஜொகூர் பாருவுக்குப் போகும் இரயில் பாதையை ஒட்டி இருப்பது நம் லாயாங் லாயாங். சுற்றிலும் ஒரு காலத்தில் கித்தா மரமாகவே இருந்தது. இன்று பெரும்பகுதி செம்பனை. மரம் மாறியது, மழை மாறவில்லை. ஆண்டு முடியும் மாதங்களில் வடகிழக்குப் பருவ மழை பிடித்துக்கொண்டால், விடிவதற்கு முன்னே எழுந்து கத்தியைத் தீட்டியவன், நனைந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்கிறான். நனைந்த பட்டையில் கத்தி வைத்தால் பால் கோட்டில் நில்லாது. மங்கில் விழுந்த பாலையும் மழை அடித்துக்கொண்டு போகும். மழை விட்டு, பிப்ரவரி மார்ச்சில் மரம் இலை உதிர்த்தால் பால் குறைகிறது. மரத்துக்கு ஓய்வு உண்டு. வயிற்றுக்கு ஓய்வு உண்டா? சில்லறைக் கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்துக்கு ஓய்வு உண்டா? இந்த வேதனையை இங்குள்ள பழைய குடும்பங்கள் எல்லாம் அறியும்.

இப்பொழுது அரசாங்கத்தின் கணக்கு. ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி வருமானம் இருந்தால் அது ஏழைக் குடும்பம் அன்று என்பது இந்நாட்டில் பல ஆண்டுகள் இருந்த வறுமைக் கோடு. அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு, 2016-ஆம் ஆண்டில் நாட்டில் வறுமை வெறும் 0.4 விழுக்காடு என்றார்கள். ஏறத்தாழ ஒழிந்தே போயிற்று என்று மகிழ்ந்தார்கள். 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில், கொடிய வறுமையை ஆராயும் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கு வந்தார். இந்தக் கோடு நடைமுறை வாழ்க்கைக்குச் சற்றும் ஒவ்வாதது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போனார். 2020 ஜூலையில் அரசாங்கம் கோட்டை 2,208 வெள்ளியாக உயர்த்தியது. உயர்த்தியதும் என்ன ஆயிற்று? 2019-ஆம் ஆண்டின் வறுமை 5.6 விழுக்காடு, குடும்பங்களின் எண்ணிக்கை நான்கு இலட்சத்துக்கு மேல்!

இந்தக் குடும்பங்கள் ஒரே இரவில் ஏழையாகவில்லை. அவை முன்பும் ஏழையாகவே இருந்தன. அதே அடுப்பு, அதே பானை, அதே பசி. ஏட்டில்தான் அவர்களுக்கு இடமில்லாமல் இருந்தது. 980 வெள்ளியில் ஒரு குடும்பம் வாழ முடியாது என்பதை அறிந்து சொல்ல ஐக்கிய நாடுகள் சபையிலிருந்து ஓர் அறிஞர் வரவேண்டுமா? அரிசி மூட்டையின் விலை தெரிந்த எந்தத் தாயும் சொல்லியிருப்பாள். அவளைக் கேட்பார் இல்லை. கேட்கும்படி அவள் சத்தமாகச் சொல்லவும் இல்லை.

சொல்லாத வறுமை கணக்கில் வராது. நாம் கூற வந்ததின் அடிப்படை இதுதான். போராட்டப் பாட்டின் வேலை கண்ணீர் வரவழைப்பது அன்று. கணக்கில் வராததைக் கணக்கில் கொண்டுவருவது.

நம் மக்கள் பாடாதவர்கள் அல்லர். தாலாட்டிலும் கும்மியிலும் ஒப்பாரியிலும் தோட்டத்து வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆசை காட்டி அழைத்துவந்த கங்காணியின் பேச்சு, கப்பற் பயணம், அடையாத கடன், எடை போடும் இடத்தில் குறைந்த பால், கள்ளுக்கடையில் கரைந்த சம்பளம், காய்ச்சலில் போன பிள்ளை என எல்லாவற்றையும் எழுத்தறியாத தாய்மார்கள் பாட்டில் எழுதி வைத்தார்கள். எந்தத் தோட்டத்துச் செக்ரோலிலும் இல்லாத வரலாறு அது. செக்ரோலில் வந்த நாளும் வராத நாளும்தான் இருக்கும். வராததற்குக் காரணம் பாட்டில்தான் இருக்கும்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை விதியை நோக்கிப் பாடியவை. அல்லது செத்தவரை நோக்கிப் பாடியவை. விதி பதில் சொல்லாது. செத்தவரும் பதில் சொல்லமாட்டார். பதில் சொல்லக் கடமைப்பட்டவர் உயிரோடு இருக்கிறார், அலுவலகத்தில் இருக்கிறார், சட்டசபையில் இருக்கிறார். அவரை நோக்கிப் பாட நாம் பழகவில்லை. நம் பாட்டியர் அழுததில் உண்மை இருந்தது. அந்த உண்மைக்கு நாம் ஒரு முகவரி எழுதவேண்டும், அவ்வளவே.

பிறர் நமக்காகப் பாடியதும் உண்டு. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சிக்கிய நம் பெண்களுக்காக மகாகவி பாரதி பாடினார். அவர் அத்தீவைக் கண்ணால் கண்டதில்லை. கண்டவரும் காணாததுபோல் இருந்த காலத்தில், காணாதவர் கேட்டுத் துடித்துப் பாடினார். அந்நாளில் இந்தியாவெங்கும் எழுந்த எதிர்ப்புக் குரல்களில் அவர் குரலும் ஒன்று. 1917-இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றியனுப்புவது நிறுத்தப்பட்டது. 1920-இல் பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன. அவருக்கு நம் கடன் பெரிது. ஆனால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பாரதி கிடைப்பாரா? பிறர் பாடுவார்கள் என்று காத்திருப்பவன், பிறர் மறந்துவிட்டால் என்ன செய்வான்?

தாமே தோட்டத்துக்குள் சென்று பாடிய ஒருவரை இங்கே நினைவுகூர்வது நம் கடமை. அவர் இலங்கை மலைநாட்டின் மீனாட்சி அம்மாள். 1931-இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் துணைவியார் அவர். தோட்டத்துக்குள் வெளியார் காலடி வைத்தால் அத்துமீறல் குற்றம் என்றிருந்த காலம். தொழிற்சங்கம் என்ற சொல்லே தொழிலாளிக்குப் புதிது. அதை உச்சரிக்கவும் அச்சம். கூட்டத்தில் நீண்ட சொற்பொழிவு செய்தால் பாதிப் பேருக்கு விளங்காது. அம்மாள் எழுந்து பாரதியின் பாடல்களைப் பாடுவார். தாமே கட்டிய பாடல்களையும் பாடுவார். எல்லாரும் அறிந்த மெட்டில் புதிய சொற்களை வைப்பார். இலங்கையில் இந்தியத் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பும் முயற்சிகள் நடந்த வேளையில், 1940-இல், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் தம் பாடல்களைச் சிறு நூலாக அச்சிட்டு வெளியிட்டார். பெண்கள் மேடையேறுவதே அரிதாயிருந்த நாளில் ஒரு பெண் செய்த வேலை இது.

அவர் செய்ததில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. மெட்டுக்கு அலையாதே, மக்கள் வாயில் இருக்கும் மெட்டை எடுத்துக்கொள் என்பது முதற் பாடம். பாட்டின் பொருள் அன்றைய பிரச்சினையாக இருக்கட்டும் என்பது இரண்டாவது பாடம். பொதுவாக வறுமை கொடிது என்று அவர் பாடவில்லை. இந்த ஆண்டில், இந்த நாட்டில், இந்த ஆட்சி செய்வது தகுமா என்று கேட்டார்.

அதே மலைநாட்டில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தொழிற்சங்கவாதி, கவிஞர், 1947-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழர் பெருந்தொகையினர் நாடற்றவராயினர். பின்பு வாக்குரிமையும் போயிற்று. அத்தகைய மக்களின் வாய்ப் பாடல்களை அவர் தேடிச் சேர்த்து எழுதி வைத்தார். சங்க வேலைக்கு இடையில் இது ஒரு வேலையா என்று அவர் எண்ணவில்லை. இதுவும் சங்க வேலையே என்று எண்ணினார். நம் சங்கத்தாரும் அப்படி எண்ணவேண்டும் என்பது நம் விருப்பம்.

மேல்நாட்டுத் தொழிலாளரும் இதை அறிந்தே இருந்தனர். அமெரிக்காவில் உலகத் தொழிலாளர் சங்கத்தார் 1909-இல் சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு பாட்டுப் புத்தகம் போட்டார்கள். அந்தச் சங்கத்தின் ஜோ ஹில் என்ற தொழிலாளி, மாதா கோயிலில் பாடும் மெட்டுகளில் கூலிப் போராட்டத்தைப் பாடினார். 1915-இல் யூட்டா மாநிலத்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் போனார், பாட்டு போகவில்லை. 1945-இல் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். மாதக்கணக்கில் மறியல் நடந்தது. கோயிலில் 'நான்' என்று பாடிய ஒரு பழம் பாட்டை, மறியல் வாசலில் அவர்கள் 'நாம்' என்று மாற்றிப் பாடினார்கள் என்பர். அந்தப் பாட்டுத்தான் பிற்காலத்தில் உலகெங்கும் விடுதலைப் பாட்டாக ஒலித்தது. ஒரே ஒரு சொல் மாறியது. நான் வெல்வேன் என்பது வேண்டுதல். நாம் வெல்வோம் என்பது சங்கம்.

வறுமைக்காகப் பாடிய பெரிய கச்சேரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1985 ஜூலை 13-ஆம் நாள் இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் புகழ்பெற்ற பாடகர்கள் கூடி, எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பாடினார்கள். கோடிக்கணக்கில் பணம் சேர்ந்தது. பசித்தவருக்கு உணவு போயிற்று. அதை இகழ்வது நன்றிகெட்ட செயல். ஆனால் பணம் கேட்டார்கள், பணம் வந்தது, பஞ்சத்துக்குக் காரணமான போரும் ஆட்சியும் அப்படியே இருந்தன. இருபது ஆண்டுகள் கழித்து, 2005 ஜூலை 2-ஆம் நாள் மீண்டும் பல நகரங்களில் பாடினார்கள். இந்த முறை உண்டியல் இல்லை. ஸ்காட்லாந்தில் கூடவிருந்த எட்டு பணக்கார நாடுகளின் தலைவர்களை நோக்கி, ஏழை நாடுகளின் கடனை நீக்குங்கள், உதவியைக் கூட்டுங்கள் என்று மக்களின் பெயரால் கேட்டார்கள். பதினெட்டு நாடுகளின் 4,000 கோடி டாலர் கடனை நீக்குவதாக அந்நாடுகளின் நிதியமைச்சர்கள் ஜூன் மாதத்தில் ஒப்புக்கொண்டிருந்ததை ஜூலை மாநாடு ஏற்றுக்கொண்டது.

பாட்டினால் மட்டும் அது நடந்ததா? இல்லை. அதற்கு முன் பல ஆண்டுகள் தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கின; ஊர்வலம் போயின. வேர் அங்கே இருந்தது. பாட்டு பூத்தது இங்கே. இன்னொன்றையும் கவனியுங்கள். 2005-இல் ஆப்பிரிக்காவின் வறுமைக்காகப் பாடிய நாளில் இலண்டன் மேடையில் ஆப்பிரிக்கப் பாடகர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்குத் தொலைவில் கார்ன்வால் பகுதியில் தனி மேடை போட்டார்கள். யாருடைய பசியோ, அவருக்குக் கடைசி இடம்! பசித்தவன் பாடாத பசிப் பாட்டுக்கு இதுதான் கதி.

ஆக, இரண்டு வகைப் பாட்டு உண்டு. 'ஐயோ பாவம், இவர்களுக்கு ஏதாவது கொடுங்கள்' என்பது ஒரு வகை. அது இரங்கற் பாட்டு. கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே. 'எங்களுக்கு வரவேண்டியது இவ்வளவு, இன்னும் வரவில்லை, ஏன்?' என்பது மற்றொரு வகை. அது உரிமைப் பாட்டு. கடன் கொடுத்தவன் கணக்குக் கேட்கும் குரல் அது. நாடு தன் கடனை நமக்குத் திருப்பித் தரவேண்டும் என்று கேட்பதில் வெட்கம் என்ன? காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர்கள் யார்? இரயில் பாதை போட்டவர்களில் யார் யார்? அவர்கள் பேரப் பிள்ளைகள் கையேந்தவா பாடவேண்டும்?

நம் நாட்டிலேயே இதற்கு வழிகாட்டி உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதனும் தோழர்களும் வெறும் வறுமை என்று முழங்கவில்லை. வரிசையாகக் கோரிக்கை வைத்தார்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம். மருத்துவ வசதி. கள்ளுக்கடையை மூடுதல். பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற அவமானத்துக்கு முடிவு. சங்கம் அமைக்கும் உரிமை. ஒவ்வொன்றும் ஒரு தொழிலாளி விரல் விட்டு எண்ணக்கூடியது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லவேண்டியவர் எதிரில் இருந்தார். பதில் துப்பாக்கியாக வந்தது, உயிர்கள் போயின, நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். ஆனால் அந்தக் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். இன்றும் கும்மியில் அடி அடியாக வைத்துப் பாடலாம் போல் இருக்கின்றன. கூலி என்று ஒரு குழு கேட்டால், பள்ளி என்று மறு குழு கேட்கலாம். நல்ல கோரிக்கைக்கும் நல்ல கும்மிக்கும் இலக்கணம் ஒன்றே. குறுகியதாக இருக்கவேண்டும், தெளிவாக இருக்கவேண்டும், திருப்பித் திருப்பிச் சொல்லத்தக்கதாக இருக்கவேண்டும்.

'நம்மிடம் சினிமாப் பாட்டு இல்லையா? பட்டுக்கோட்டையார் பாடாததையா நீங்கள் பாடப் போகிறீர்கள்?' என்று சிலர் கேட்கலாம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் உழவர் இயக்கத்தில் உழைத்துவிட்டுத் திரையுலகுக்குச் சென்றவர். 1959-இல் 29 வயதில் மறைந்தார். உழைப்பவன் ஏன் ஏழையாய் இருக்கிறான் என்று எளிய சொல்லில் கேட்டுவிட்டுப் போனார். தோட்டத்துத் திடலில் படம் காட்டிய காலத்தில் அவர் பாட்டைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தவர் எத்தனையோ பேர். அவரிடம் சொல் கற்போம், சந்தம் கற்போம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. படத்தில் கதாநாயகன் பாடுகிறான், கதாநாயகன் வெல்கிறான், விளக்கைப் போட்டதும் நாம் லயத்துக்குத் திரும்புகிறோம். அங்கே நாம் இரசிகர்கள். சங்கத்தில் நாம் இரசிகர்களாக இருக்க முடியாது. நம் தோட்டத்தின் கூலியைப் பற்றி எந்தக் கதாநாயகனும் பாட வரமாட்டான்.

சரி, இன்று பாடவேண்டிய கணக்கு என்ன?

இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலில் 2013 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் 900 வெள்ளி. அது 2022 மே மாதத்தில் 1,500 ஆயிற்று. 2025-இல் 1,700 ஆயிற்று. உயர்ந்தது உண்மை, மகிழ்ச்சியே. மாதச் சம்பளம் என்று தோட்டத் தொழிலாளி பல்லாண்டு போராடியதன் பலன் இதில் இருக்கிறது. ஆனால் 2022-ஆம் ஆண்டுக்கு அரசாங்கமே வகுத்த வறுமைக் கோடு குடும்பத்துக்கு 2,589 வெள்ளி. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்தில் 1,700 வந்தால், 2022-ஆம் ஆண்டின் அந்தக் கோட்டுக்கே இன்னும் 889 வெள்ளி குறைகிறது. சட்டப்படி சம்பளம் வாங்குகிறவன், சட்டத்தை இயற்றியவர்கள் கணக்குப்படியே ஏழை! இதைவிடப் பாட்டுக்கு என்ன பொருள் வேண்டும்? 889 என்ற இந்த எண்ணைச் சின்னப் பிள்ளையும் பாடும்படி செய்துவிட்டால், அதை எந்த மந்திரியும் மறைக்க முடியாது.

அடுத்தது மழை நாள். கத்தி பிடிக்க ஆள் தயார். மரம் தயாராக இல்லை. அந்த நாளின் கூலி என்ன என்பது பாட்டின் இரண்டாம் அடி.

மூன்றாவது வீடு. வேலையில் இருக்கும் வரைக்கும் தோட்டத்து வீடு. 1990-இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் குடியிருப்பு எப்படி இருக்கவேண்டும் என்று சொல்கிறது. வேலை முடிந்த பிறகு எங்கே போவது என்பதற்கு அந்த வீட்டுக் கதவில் பதில் எழுதியிருக்கவில்லை. நாற்பது ஆண்டு பால் வெட்டியவர், குறைந்த சம்பளத்தில் சேர்ந்த சிறிய சேமநிதியை வைத்துக்கொண்டு, பட்டணத்து ஓரத்தில் வாடகை வீடு தேடுகிறார். இது மூன்றாம் அடி.

நான்காவது, நம் பக்கத்தில் நிற்பவன். இன்று தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் இந்தோனேசியா, வங்காள தேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டனார் எப்படி வந்தாரோ, அப்படியே கடனோடு வந்தவர்கள். 'இவர்களால்தான் நம் கூலி உயரவில்லை' என்று முணுமுணுப்பது எளிது. 1941-இல் நம் மக்கள் சீனத் தோழனைப் பகைத்துப் பாடவில்லை. அவன் வாங்குவது எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். அந்தப் பெருந்தன்மை நமக்கும் வேண்டும். மட்டமான கூலிக்கு ஒருவன் வேலை செய்யும் வரை மற்றவன் கூலி உயராது. ஆகவே நம் பாட்டுத் தமிழில் மட்டும் இருந்தால் போதாது. நாலடிப் பந்துன் மலாய் மக்களின் நாவில் பிறக்கும்போதே பிறந்தது. இந்தோனேசியத் தோழனுக்கும் அது புதிதன்று. அந்த நாலடியில் நம் நான்கு கோரிக்கையும் அடங்கும்.

இனி, செய்யவேண்டியதைச் சொல்கிறோம்.

முதலாவது, லாயாங் லாயாங் சுற்று வட்டாரத்தில் இருக்கும் வயது முதிர்ந்த தாய்மார்களிடம் சென்று, அவர்கள் அறிந்த தோட்டப் பாட்டுகளைப் பதிவு செய்யவேண்டும். எந்த இளைஞன் சட்டைப் பையில் இன்று கைப்பேசி இல்லை? அதில் பதிவு செய்ய ஒரு காசு செலவில்லை. இன்று விட்டால் நாளை கேட்க ஆள் இருக்கமாட்டார். பாடியவர் சம்மதமின்றி எதையும் வெளியிடக் கூடாது.

இரண்டாவது, ஒவ்வொரு கிளையும் ஒரு பாட்டாவது கட்டவேண்டும். அறிந்த மெட்டே போதும். ஆனால் பாட்டில் மூன்று செய்தி இல்லாவிட்டால் அதைச் சங்கப் பாட்டாக ஏற்கக் கூடாது: கேட்பது எவ்வளவு? கேட்பது யாரிடம்? என்றைக்குள் வேண்டும்? இம்மூன்றும் இல்லாத பாட்டு புலம்பலாகவே முடியும். தனிமனிதரைத் தூற்றுவதும் இன்னோர் இனத்தை இழிப்பதும் கூடவே கூடாது. திட்டுவதற்குச் சங்கம் எதற்கு?

மூன்றாவது, பெண்கள் முன்னே நிற்கவேண்டும். வீட்டில் அரிசிப் பானையின் அடியைத் தினமும் பார்ப்பவள் அவள். கும்மிக்கும் குலவைக்கும் உரியவள் அவள். உறுமியும் தப்பும் திருவிழாவுக்கு மட்டுமா? மே தினத்தன்று அவை சங்கக் கொடியின் முன்னே முழங்கட்டும்.

நான்காவது, பாட்டுக்குப் பின் உண்டியல் குலுக்கக் கூடாது. அதற்குப் பதிலாக உறுப்பினர் பாரம் நீட்டப்படவேண்டும். இது மிக முக்கியம். உண்டியல் நீட்டினால் பாட்டு பிச்சையாகிறது. பாரம் நீட்டினால் பாட்டு படையாகிறது.

இவ்வளவையும் செய்தால் வறுமை ஒழிந்துவிடுமா என்று மீண்டும் கேட்பார்கள். ஒழியாது. பாட்டு பேச்சு வார்த்தை மேசையில் உட்காராது. கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடாது. தொழில் நீதிமன்றத்தில் வாதாடாது. அவை சங்கத்தின் வேலை. ஆனால் மேசைக்குச் செல்லும் பிரதிநிதிக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்கள் ஒரே சொல்லைச் சொல்கிறார்களா என்பதை எதிரில் இருப்பவர் அளந்து பார்க்கிறார். நூறு பேர் நூறு விதமாக முணுமுணுத்தால் அது இரைச்சல். நூறு பேர் ஒரே அடியை ஒரே தாளத்தில் பாடினால் அது தீர்மானம். அந்த ஒற்றுமையைப் பாட்டு தருவதுபோல் வேறெதுவும் எளிதில் தராது.

நம் ஊரின் பெயருக்கு மலாய் மொழியில் பட்டம் என்று பொருள் உண்டு. காற்று பட்டத்தை உயர்த்தும். ஆனால் நூல் அறுந்த பட்டம் எந்த மரத்தில் சிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பாட்டு பட்டம் என்றால் சங்கம் நூல். சங்கத்தில் சேராமல் பாடுகிறவன் பாட்டு காற்றோடு போகும். பாடத் தெரியாத சங்கத்தின் நூலோ சுருண்டு மூலையில் கிடக்கும்.

தொழிலாளத் தோழர்களே! தாய்மார்களே! நம் வறுமையைப் பற்றிப் பிறர் எழுதிய அறிக்கைகள் போதும். பிறர் பாடிய இரங்கற் பாட்டுகளும் போதும். அடுத்த கிளைக் கூட்டம் ஒரு பாட்டோடு தொடங்கட்டும். அந்தப் பாட்டில் 889 என்ற எண் இருக்கட்டும். அந்த எண் மறையும் நாள் வரை நாம் பாடிக்கொண்டே இருப்போம். பாடிக்கொண்டே ஆள் சேர்ப்போம்.

ஓங்குக தொழிலாளர் ஒற்றுமை!